தென்சேரிக்காரி சேர்த்த தோள்

தோள் கழன்று, வலது கை யாருடையதோ கைபோலத் தொங்கிக்கொண்டிருக்கையிலும் வெள்ளக்குட்டி கேட்டது ஒரே கேள்விதான்.

"தென்சேரியான் ஒருத்தனும் பாக்கல்லத்தானே?"

தோணியை வலித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரன் வாவியைச் சுற்றிப் பார்த்தான். "கொக்குத்தான் நிக்குது. அது எந்தச் சேரியெண்டு எனக்குத் தெரியா" என்றான்.

நடந்தது இதுதான். மாசி மாதத்து விடியற்புறம். எறிந்த வலை தண்ணீருக்கடியில் கிடந்த பழைய கம்பொன்றில் மாட்டிக்கொண்டது. வேறு ஒருவன் என்றால் இறங்கிக் கழற்றியிருப்பான். வெள்ளக்குட்டி இறங்கவில்லை. கையைத் தலைக்கு மேலால் பின்னுக்குக் கொண்டுபோய் ஓங்கி ஒரு இழுவை இழுத்தார். வலையும் வந்தது, தோளும் வந்தது.

நோவைவிடப் பயம்தான் பெரிது. வைகாசியில் கொம்பு முறிப்பு என்று கோயில் கூட்டத்தில் முடிவாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவனுக்குக் கொம்பு முறிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊரில் எல்லாரும் கும்பிடுவது ஒரே கண்ணகி அம்மனைத்தான். ஆனால் அம்மனுக்குக் கொம்பு முறிக்கிற நாளில் ஊர் இரண்டாகிவிடும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த மரத்தில் கொக்கிபோல வளைந்த கொம்பொன்றை இந்தச் சேரியும் கொண்டுவரும், அந்தச் சேரியும் கொண்டுவரும். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டி, வடம் கட்டி, இரண்டு பக்கத்து ஆண்களும் இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்றவன் வாசலில் வென்றவன் வந்து நின்று வசை பாடுவான், தோற்றவன் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும்.

வடம் இழுக்க நூறு பேர் வருவார்கள். கொம்பு பிடிக்கிறவன் சேரிக்கு ஒருவன்தான். பூட்டின கொம்பை நெஞ்சுக்கு நேரே ஏந்தி, வடம் நன்றாக இறுகும் வரைக்கும் சரியாமல் பிடித்து நிற்பது அவன் வேலை. 'விடு' என்ற சத்தம் வந்ததும் விட்டுவிட்டுப் பின்னுக்குப் பாயவேண்டும். அதற்கு முன்னால் கை தளர்ந்தால் கொம்பு சரியும். சரிந்த கொம்பு விசையைப் பக்கவாட்டில் வாங்கும், பிறகு அது முறியாமல் என்ன செய்யும்? வடசேரிக்குக் கொம்பு பிடித்தது வெள்ளக்குட்டியின் தகப்பன். அவருக்குப் பிறகு வெள்ளக்குட்டி. அறுபது கடந்தும் அந்த இடத்தை அவர் ஒருத்தனுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வருசம் கை வராவிட்டால் விடத்தான் வேண்டும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளை உள்ளே போட்டுக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிவிட்டார். கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தால் கை நெஞ்சுக்கு மேலே ஏற மறுத்தது. "கீழ பயிற்சி அறை கிடக்கு, அங்க போங்க ஐயா" என்றார்கள்.

அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததும் வெள்ளக்குட்டி நின்றுவிட்டார்.

"வாங்க மாமா" என்றாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி.

வதனி. அழகரத்தினத்தின் மூத்த மகள். கண்டிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவள் இங்கே மாறி வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அழகரத்தினம் வெள்ளக்குட்டியின் மனுசி சீதேவிப்பிள்ளையின் அண்ணன். அது பரவாயில்லை. அழகரத்தினம்தான் தென்சேரிக்குக் கொம்பு பிடிக்கிறவன். கொம்பு நாளில் வெள்ளக்குட்டியின் முகத்துக்கு நேரே முகம் வைத்து நிற்கிறவன்.

"இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில வேற ஆளில்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறா ஒராள். சிங்களம் மட்டும்தான் கதைப்பா. போறீங்களா?"

வெள்ளக்குட்டி போகவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். சுவரில் மனித எலும்புக்கூட்டின் படம். ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகப் பெருப்பித்துக் கீறி வைத்திருந்தார்கள். பக்கத்து வாங்குப் பலகையில் காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி முனாப் காலைத் தொங்கப்போட்டு, கணுக்காலில் கட்டின மண்பொட்டலத்தை மேலும் கீழும் தூக்கிக்கொண்டிருந்தார்.

வதனி பிளாஸ்டிக் எலும்பொன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "இதுதான் மாமா உங்கட தோள்பூட்டு. பந்துக் கிண்ண மூட்டு எண்டு சொல்றது. கை எலும்பிட தலை பந்து. தோள்பட்டையில கிடக்கிறது கிண்ணம்."

வெள்ளக்குட்டி தடவிப் பார்த்தார். "இது கிண்ணமா? போத்தல் மூடி மாதிரிக் கிடக்கு."

"அதான். இடுப்பிலயும் இதே சாதி மூட்டுத்தான். ஆனா அங்க கிண்ணம் ஆழம், பந்து நல்லா உள்ளுக்குப் போயிரும். தோள்ல கிண்ணம் தட்டை. சுத்தி நாரும் தசையும் பிடிச்சிட்டு நிக்கிறதாலதான் பந்து விழாம கிடக்கு."

"அந்தக் கடவுளுக்கு இன்னும் கொஞ்சம் தோண்டிவிட ஏலாமப் போச்சா?"

"ஆழமாத் தோண்டியிருந்தா நீங்க வலை எறிஞ்சிருக்க மாட்டீங்க. கையைச் சுத்திற மாதிரி காலைத் தலைக்கு மேல சுத்திக் காட்டுங்க பாப்பம்."

"சுத்துங்க அண்ணன், நாங்களும் பாப்பம்" என்றார் முனாப். "என்ட முழங்கால் என்ன மூட்டு மகள்?"

"பிணைச்சல் மூட்டு, முனாப் நானா. கதவு மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், வேற பக்கம் போகாது. முழங்கையும் அப்பிடித்தான்."

"கடையில நிண்டு நிண்டு என்ட கதவு துருப்பிடிச்சுப் போச்சு."

"கழுத்தில இருக்கிறது சுழல் மூட்டு" என்று படத்தைத் தொட்டுக் காட்டினாள் வதனி. "இல்ல, மாட்டன் எண்டு தலையாட்டுறதுக்கு. மாமாக்கு அது மட்டும் நல்லா வேலை செய்யுது."

முனாப் குலுங்கிச் சிரித்ததில் காலில் கட்டின பொட்டலம் விழுந்தது. வெள்ளக்குட்டி சிரிக்கவில்லை.

பிறகு அவள் செய்யச் சொன்னவை: சுவரில் விரல்களை நண்டுபோல ஏற்றி இறக்குவது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு றப்பர்ப் பட்டியை மெதுவாக இழுப்பது. செய்யக் கூடாதது ஒன்று. "கையைத் தோளுக்கு மேல தூக்கிப் பின்னுக்குத் திருப்ப ஒண்ணாது. அப்பிடித்தான் கழண்டது. நான் சொல்லும் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வைகாசி ஆகும்."

வைகாசி. அந்தச் சொல்லைக் கேட்டதும் வெள்ளக்குட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். வைகாசி வரைக்கும் வடசேரிக்காரன் சின்னப்பிள்ளைபோல றப்பர் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். கை சூம்பவேண்டும். கொம்பு நாளில் அழகரத்தினத்துக்கு முன்னால் கையை உதறிக்கொண்டு நிற்கவேண்டும். தகப்பன் சொல்லிக் கொடுத்து மகள் செய்கிறாள்.

அந்த ஊரில் இப்படி நினைக்கிறது பைத்தியமில்லை. கொம்பு நெருங்கினால் ஒரு சேரிக்காரன் மற்றச் சேரியில் தண்ணீரும் குடிக்க மாட்டான். கொம்பைச் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்து, மாற்றான் வந்து மந்திரம் போடாமல் காவல் இருப்பார்கள். மனுசியே மற்றச் சேரி என்றால் அவளையும் நம்புவதில்லை.

வாவியைக் கடக்கிற மிதவையான பாதையில் ஏறி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சீதேவிப்பிள்ளை எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள்.

"அது என்ன எண்ணெய்?"

"நீங்க செங்கலடியில வாங்கின நல்லெண்ணெய்தான்."

"காய்ச்சினது ஆர்?"

"தென்சேரிக்காரி" என்றாள் அவள். "கலியாணம் முடிச்ச நாளில இருந்து சோறு காய்ச்சிறதும் அவள்தான். அத மட்டும் திங்கிறீங்கதானே?"

மனுசன் எண்ணெயும் பூசவில்லை, றப்பரும் இழுக்கவில்லை. வீட்டு வளவின் பின்பக்கத்துப் பூவரசில் வடத்துண்டொன்றைக் கட்டினார். வதனி எதைச் செய்யாதே என்றாளோ அதையே செய்தார். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோய்ப் பின்னுக்குத் திருப்பி இழுத்தார். நொந்தது. நோகிற இடத்தில்தான் பலம் ஏறும் என்று பல்லைக் கடித்தார். கை மேலே ஏறவும் செய்தது. 'பாத்தியா அழகரத்தினம்' என்று பூவரசுக்குச் சொன்னார்.

ஒரு பின்னேரம் இழுத்த இழுவையில் தோளுக்குள் எதுவோ வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது. கண் இருட்டியது. சீதேவிப்பிள்ளை வந்து பார்க்கும்போது மனுசன் மரத்தடியில் முகம் வெளிறிப் போய்க் குந்தியிருந்தார். தோள் வீங்கியிருந்தது.

அவள் வடத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "பூவரசும் தென்சேரிதான் போலக் கிடக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடச் சீலை எடுக்கப் போனாள்.

பயிற்சி அறையில் வதனி தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை.

"முழுசாக் கழரல்ல. விளிம்பு மட்டும் போய் வந்திருக்கு. என்ன செய்தீங்க?"

"ஒண்டும் செய்யல்ல."

"வடம் கட்டி இழுத்தவர்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "நீ வேணுமெண்டு கையச் சூம்ப வைக்கிறாயாம். கொம்புக்காக."

அந்த அறையே கேட்டுக்கொண்டிருந்தது. முனாப் நானாவின் கால் அந்தரத்தில் நின்றது. வதனிக்கு முகம் காதுவரைக்கும் சிவந்தது. அழுவாள் என்று வெள்ளக்குட்டி நினைத்தார். அழுதிருந்தால் அதையும் நடிப்பு என்றுதான் எடுத்திருப்பார்.

அவள் அழவில்லை. "இஞ்ச பாருங்க மாமா" என்றாள். "நீங்க கொம்பு பிடிச்சா எனக்கென்ன, பிடிக்காட்டி எனக்கென்ன. இந்த ஊருக்கு நான் வேலைக்கு வந்து முதல் பாத்த தோள் உங்கடது. இது கழண்டா ஊர் உங்களச் சொல்லாது. வதனி பாத்த கை, அதான் இப்பிடி எண்டு சொல்லும். பெடியனுகள் ஆருக்கும் முழங்கால் போனா, அவளிட்டப் போகாத எண்டு சொல்லும். கண்டியில என்ட கையால சேத்த தோள் ஒண்டும் திரும்பக் கழரல்ல. சொந்த ஊரில, மாமாட தோள்லயா நான் தோக்கப் போறன்? கொம்பு அம்மன்ட விளையாட்டு. தோள் என்ட வேலை. என்ட வேலையில ஆரும் கைவைக்க விடமாட்டன். அப்பாவையும் விடமாட்டன். உங்களையும் விடமாட்டன்."

வெள்ளக்குட்டி முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

பாசம் என்று யாராவது சொன்னால் அவர் நம்பமாட்டார். படிப்பு என்றாலும் நம்பமாட்டார், சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார். ரோசம் ஒன்றை நம்புவார். அது என்ன சரக்கு என்று அவருக்குத் தெரியும், அவருடைய உடம்பு முழுக்க ஓடினது அதுதான்.

"அந்த றப்பரக் கொண்டா" என்றார்.

அன்றிலிருந்து மனுசன் சுவரில் நண்டு ஏற்றினார், றப்பர் இழுத்தார். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் மடித்த துவாயை வைத்து, அது விழாமல் இழுக்கவேண்டும் என்று வதனி சொன்னாள். துவாய் விழுந்தால் சீதேவிப்பிள்ளை அடுப்படியிலிருந்து கத்துவாள். கை காதுக்கு வந்தது. காதைத் தாண்டியது.

ஊரில் இரகசியம் நிற்குமா? சித்திரை பிறந்த கையோடு சீதேவிப்பிள்ளை அண்ணன் வீட்டுக்குப் போய் வந்து வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் சொன்னாள்.

"அண்ணன் அவளோட கதைக்கிறல்ல."

"ஏனாம்?"

"வடசேரியான்ட கையை இவ்வளவு கெதியாச் சேக்கத்தான் வேணுமா, வைகாசி கழியட்டுமே எண்டு கேட்டவராம். அவள் சொன்னாளாம், அப்பா உங்கட தோள் கழண்டா நானும் வைகாசி கழியட்டும் எண்டு விட்டுர்றன், சரியா எண்டு."

வெள்ளக்குட்டி வாய்க்குள் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்னொரு தரம் றப்பரை எடுத்தார். அன்றைக்குச் செய்யவேண்டியதை ஏற்கனவே செய்து முடித்திருந்தார்.

கொம்புக்கு முந்தின கிழமை வதனி தோளை எல்லாப் பக்கமும் திருப்பிச் சோதித்தாள். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை.

"பிடிக்கலாமா?"

"நீங்க எப்பிடிப் பிடிக்கிற எண்டு பாக்காம நான் எப்பிடிச் சொல்ற? பிடிச்சுக் காட்டுங்க."

வெள்ளக்குட்டி கதவைப் பார்த்தார். வடசேரியின் பிடியைக் காட்டவா? தென்சேரியில் கொம்பு பிடிக்கிறவனின் மகளுக்கா? அந்தப் பிடியைத் தகப்பன் அவருக்குக் காட்டினதே வளவுக் கதவைச் சாத்திவிட்டுத்தான்.

"அது ஏலா."

"அப்ப நானும் ஓம் எண்டு சொல்ல ஏலா."

முனாப் தன் பாட்டில் எழும்பினார். "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். எனக்குக் கொம்பும் தெரியா, சேரியும் தெரியா. தெரிஞ்சாலும் விக்க மாட்டன்." கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளக்குட்டி சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துக் கொம்பென்று நினைத்து ஏந்தினார். இரண்டு முழங்கையும் வெளியால் விரிந்து, வலது கை மேலாலும் இடது கை கீழாலும்.

வதனி சுற்றிவந்து பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. "இதில நிண்டா வடம் ஒருக்கா உதறினாக் காணும். கட்டாயம் கழரும். கை மேல, முழங்கை வெளிய, பந்து முன்னுக்கு வந்து வாசல்ல நிக்குது. தள்ளிவிட ஆள் தேவையில்ல."

"இது எங்கப்பன் பிடிச்ச பிடி."

"அவர்ட தோள் கழண்டதா?"

"இல்ல."

"உங்கட கழண்டது. பிடி மாறத்தான் வேணும்."

அவள் அவருடைய முழங்கைகளை உள்ளே தள்ளி விலாவோடு ஒட்டினாள். உள்ளங்கைகளை மேலே பார்க்கத் திருப்பி, கோலை அதில் கிடத்தினாள். பெருவிரல்களை எதிர்ப்பக்கத்தால் சுற்றிப் பூட்டினாள். "பெருவிரலடியில இருக்கிறது சேணம் மாதிரி மூட்டு. ஒண்டில ஒண்டு ஏறி உக்காந்திருக்கு. குரங்குக்கும் மனிசனுக்கும் பிடி வாறது அதாலதான். தோளக் கேக்காதீங்க. முழங்கை மடிஞ்சு நிக்கட்டும், அது கதவு, பக்கத்தால ஆடாது. பாரம் விலாவுக்கும் இடுப்புக்கும் போகட்டும்."

"பொம்புளயள் குடம் இடுக்கிற மாதிரிக் கிடக்கு."

"குடம் ஆருக்கும் விழுந்ததா?"

வீட்டுக்குப் போகும்போது பாதையில் நின்று அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். தகப்பனின் பிடியை விட்டுவிட்டு, எதிரியின் மகள் சொன்ன பிடியில் கொம்பு பிடிப்பதா? அவள் சொன்னது பொய்யென்றால் வடசேரி முழுக்க அவரைத் திட்டும். செத்த பிறகும் திட்டும். தோணியொன்று குறுக்கே போனது. அதில் நின்றவன் வலை எறிந்தான். கை தலைக்கு மேலால் சுழன்று போய்த் திரும்பிவந்தது. தட்டைக் கிண்ணம் என்று நினைத்துக்கொண்டார். எந்தத் தோளைப் பார்த்தாலும் இப்போது உள்ளே கிண்ணம் தெரிந்தது. அந்தப் பிள்ளை செய்த வேலை.

வைகாசிக் கொம்பு நாள். சீதேவிப்பிள்ளை காலையிலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது வழக்கம்தான். போகும்போது வாசலில் நின்று, "துவாய் விழாமப் பிடியுங்க" என்று சொன்னாள். தென்சேரிக்காரி வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அவர் சீவியத்தில் முதல் தடவை.

கோயில் வெளியில் சனம் நிறைந்திருந்தது. வெயில் சாயத் தொடங்கும்போது இரண்டு கொம்பையும் கொண்டுவந்தார்கள். அழகரத்தினம் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சால்வையை இடுப்பில் இறுக்கி, மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். கொம்புகளைப் பூட்டினார்கள். வெள்ளக்குட்டி உள்ளங்கை இரண்டையும் கீழால் கொடுத்து, முழங்கைகளை விலாவில் ஒட்டினார்.

அழகரத்தினம் சிரித்தார். "என்ன மச்சான், தண்ணி அள்ள வந்தயா?"

வடசேரிக்காரர்களும் பார்த்தார்கள். "என்ன பிடி இது? அண்ணன், சரியாப் பிடியுங்க!" என்று வடத்தில் நின்ற ஒருவன் கத்தினான்.

"நீ வடத்தப் பிடி" என்றார் வெள்ளக்குட்டி.

மேளம் ஏறியது. வடம் இழுபட்டது. முதல் இழுவையிலேயே தென்சேரி வடத்தின் கட்டு நழுவ, நிறுத்தினார்கள், திரும்பக் கட்டினார்கள். கொம்பு பிடித்தவர்கள் கைவிட முடியாது, நின்றபடி நிற்கவேண்டும். இரண்டாம் முறை வடம் இறுகும்போது திரும்பவும் உதறியது. உதறல் கொம்புக்குள்ளால் வந்து வெள்ளக்குட்டியின் கையில் ஏறியது, முழங்கையில் முட்டியது, விலாவுக்குள் இறங்கியது. தோளுக்குப் போகவில்லை. அவர் அதைத் தெளிவாக உணர்ந்தார். வாசல் சாத்தியிருந்தது.

எதிரே அழகரத்தினத்தின் முழங்கைகள் இரண்டும் வெளியே விரிந்து நின்றன. வலது கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் முதலில் விரலில், பிறகு கொம்பில். வெள்ளக்குட்டி அவருடைய கண்ணைப் பார்த்தார். மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பல்லுக்கடியையும் வெள்ளக்குட்டிக்குத் தெரியும். தென்சேரிக் கொம்பு மெல்ல, ஒரு விரற்கடை சரிந்தது.

"விடு!"

இரண்டு பேரும் பாய்ந்து விலகினார்கள். வடம் விண்ணென்று நின்றது. கண்மூடித் திறக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெடிச்சத்தம்போல ஒரு சத்தம், இரண்டு சேரிக்காரர்களும் ஒருத்தனுக்கு மேல் ஒருத்தன் மல்லாக்க விழுந்தார்கள். தென்சேரிக் கொம்பு இரண்டு துண்டாகிக் கிடந்தது. வடசேரிப் பெண்கள் குரவையிட்டார்கள்.

வென்ற கொம்பை அலங்கரித்து வெள்ளக்குட்டி முன்னால் தூக்கிக்கொண்டு வர, ஊர்வலம் போகும்போது வெயில் இன்னும் பனை உச்சியில் நின்றது. தென்சேரி வாசல் ஒவ்வொன்றிலும் நின்று பாடினார்கள். அழகரத்தினம் வீட்டு வாசலுக்கு வந்ததும் பெடியனுகளுக்கு ஆட்டம் கூடியது.

"தென்சேரிக் கொம்பென்ன தென்னம் ஈர்க்கோ
தொட்ட உடனே முறிஞ்சு போச்சோ
அழகரத்தினம் கையென்ன அவிச்ச கிழங்கோ
ஆடியாடி நொந்து போச்சோ!"

அழகரத்தினம் வாசலில் கைகட்டி நின்றார். கேட்கவேண்டியது முறை. பக்கத்தில் சீதேவிப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தென்சேரி ஆட்கள் பாட்டைக் கேட்டதைவிட வதனியைப் பார்த்ததுதான் கூட. எவனோ பின்னாலிருந்து, "அந்தக் கையச் சேத்தவள் இவள்தான்" என்றான்.

வதனி காதில் விழாததுபோல நின்றாள். பிறகு வேலிக் கடப்பைத் தாண்டி ஒழுங்கைத் தெருவுக்கு இறங்கி, பாடிக்கொண்டிருந்த பெடியனுகளை விலக்கிக்கொண்டு நேரே வெள்ளக்குட்டிக்கு முன்னால் வந்தாள். பாட்டு நின்றது.

"கையைத் தூக்குங்க மாமா."

"இப்பயா?"

"இப்பத்தான்."

கொம்பைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு அவர் தூக்கினார். கை முன்னால் ஏறி, காதைத் தொட்டு, நேராக நின்றது.

"பக்கத்தால. பின்னுக்குக் கொண்டு போங்க. மெதுவா." அவளுடைய விரல்கள் தோளின் முன்பக்கத்தை அமர்த்திப் பார்த்தன. ஒழுங்கை முழுக்க எட்டி எட்டிப் பார்த்தது. "நோகுதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"கொஞ்சம்."

"ஐஸ் வைங்க. திங்கக்கிழமை வாங்க." வதனி திரும்பினாள். இரண்டு சேரிக்கும் கேட்கச் சொன்னாள். "எல்லாரும் பாத்தீங்கதானே? கழண்ட தோள். வடம் ரெண்டு தரம் உதறினது. அசையல்ல. தென்சேரிக்காரி சேத்த தோள் இது, அவள் சொல்லிக் குடுத்த பிடி இது. இப்பப் பாடுங்க, கேப்பம்."

பாட்டுக்காரப் பெடியன் வாயைத் திறந்தான், மூடினான். இதற்கு என்னவென்று பாடுவது? தென்சேரிப் பக்கத்தில் ஒரு கிழவி முதலில் குரவையிட்டாள். தோற்ற சேரி குரவையிட்டது அந்த ஊரில் அன்றைக்குத்தான்.

அழகரத்தினம் கட்டின கையை அவிழ்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "கேட்டீங்களாடா? உங்கட கொம்ப நிமித்தி வைச்சது என்ட புள்ள" என்றார். "அடுத்த முறை நானும் அந்தப் பிடிதான் பிடிப்பன்."

"நீ பிடிக்க ஏலா" என்றார் வெள்ளக்குட்டி. "அது வடசேரிப் பிடி."

"சொல்லித் தந்தது ஆர்?"

"பிடிச்சது ஆர்?"

"என்ட மகள்டா!"

"என்ட மருமகள்!"

"ரெண்டு பேரும் கையைக் கீழ போட்டுட்டுக் கதையுங்க" என்றாள் வதனி. "மாமா, கொம்பை இடக்கையால தூக்குங்க."

வெள்ளக்குட்டி கொம்பை இடக்கையால் திரும்ப வாங்கிக்கொண்டார். ஊர்வலம் நகர்ந்தது. வளைவு திரும்பும் வரைக்கும் அவர் பின்னுக்குத் திரும்பி அழகரத்தினத்தோடு ஏசிக்கொண்டே போனார். அழகரத்தினமும் விடவில்லை, கடப்பில் ஏறி நின்று கத்தினார். வடசேரி ஆட்கள் வசை பாட மறந்துபோய், அந்தப் பிடியை எப்படிப் பிடிப்பதென்று முழங்கையை விலாவில் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.